கைப்பையில் இருந்த மாத்திரை



வருகிற விடுமுறையில் நம் சபையின் மூன்று குடும்பங்கள் கப்பலில் உல்லாசப் பயணம் செல்ல இருக்கின்றன. சென்ற ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அவர்களில் ஒரு தாயார் என்னிடம் வந்து, "ஐயா, நீங்க போய்ட்டு வந்தவங்க. என்னென்ன எடுத்துட்டுப் போகோணும்னு சொல்லுங்க" என்றார். எல்லாருக்கும் பயன்படும்படி எழுதிவிடலாம் என்று அமர்ந்தேன். எழுதத் தொடங்கியபோதுதான், பெட்டி கட்டுவதைப்பற்றி எழுதுவதானால் என் தவறு ஒன்றையும் சேர்த்தே எழுதவேண்டும் என்று உணர்ந்தேன். ஆகையால் இந்த வாரச் சிந்தனை பாதி ஆலோசனையும் பாதி அறிக்கையுமாக இருக்கும்.

2023 ஜூன் 5 அன்று சென்னைத் துறைமுகத்திலிருந்து இலங்கைக்குச் செல்லும் உல்லாசக் கப்பல் சேவையை ஒன்றிய அமைச்சர் சர்பானந்த சோனோவால் தொடங்கிவைத்தார். அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை ஆகிய மூன்று துறைகளைத் தொட்டுத் திரும்பும் பயணம் அது. எங்கள் திருமணத்தின் 30ஆம் ஆண்டு நினைவாக, அடுத்த மாதத்திலேயே எங்கள் மகன் அதில் எங்கள் இருவருக்கும் இடம் பதிவு செய்தான். எனக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்துப் பத்து மாதங்கள் ஆகியிருந்தன. "கொஞ்சம் ஓய்வெடுங்கப்பா" என்பது அவன் வேண்டுதல்.

பயணத்துக்கு மூன்று வாரங்களுக்கு முன்பே என் மனைவி நோட்டுப் புத்தகத்தில் பட்டியல் எழுதத் தொடங்கினாள். பாஸ்போர்ட், அதன் நகல், பயண அனுமதிச் சீட்டு, மருந்து, மருந்துச் சீட்டு, குளிர்சாதன அறைக்கு ஒரு சால்வை, ஈரத்தில் வழுக்காத செருப்பு, தொப்பி என்று அது நீண்டுகொண்டே போயிற்று. ஒருநாள் இரவு, நான் அதைப் பார்த்துச் சிரித்து, "இத்தனை கவலை எதற்கு? காட்டுப் புஷ்பங்களை உடுத்துவிக்கிறவர் நம்மைக் கைவிடுவாரா?" என்றேன். அவள் பதில் சொல்லவில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

எங்களுக்குப் பெட்டி கட்டிக்கொடுக்க ஒரு சகோதரி வந்தார். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியின் பேக்கிங் பிரிவில் முப்பது ஆண்டுகளாக வேலை செய்பவர். நம் பகுதியின் பனியன்கள் தூத்துக்குடித் துறைமுகம் வழியாகக் கப்பலேறி உலகெங்கும் செல்கின்றன. அவர் கை கட்டிய அட்டைப்பெட்டிகள் எத்தனையோ கடல்களைக் கடந்திருக்கும். அவர் கப்பலைக் கண்ணால் பார்த்ததில்லை. நான் எடுத்து வைத்திருந்த கஞ்சி போட்ட சட்டைகளை ஒதுக்கிவிட்டு, "வெயில் ஊருக்கு இதெல்லாம் ஆகாதுங்க ஐயா. மெல்லிசான பருத்தி பனியன் துணிதான் வேர்வையை இழுக்கும், சீக்கிரம் காயும், இஸ்திரியும் வேண்டாம்" என்றார். ஒவ்வொன்றையும் மடிக்காமல் இறுக்கச் சுருட்டி வைத்தார். காலணிகளின் உள்ளே காலுறைகளைத் திணித்தார். ஈரத்தை உறிஞ்சும் சிறு சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் நான்கைத் துணிகளுக்கு இடையில் போட்டார். "கப்பல்ல போற துணிக்கு ஈரந்தாங்க பகை. பூஞ்சை பிடிச்சிரும்" என்றார்.

எத்தனை கவனமாக அடுக்குகிறீர்கள் என்று நான் வியந்தபோது அவர் சொன்னது: "பொட்டியப் பிரிக்கறவங்க யாருன்னு நமக்குத் தெரியாதுங்க. ஆனா அவங்களுக்கு ஒரு குறையும் வரக்கூடாதுங்களே."

அன்று நான் அதை நல்லதோர் வார்த்தை என்று மட்டும் எண்ணினேன்.

புறப்படும் நாள் மாலையில் நான் செய்ததை இப்போது சொல்கிறேன். என் கைப்பையில் ஒரு வேதவிளக்க நூலையும் பிரசங்கக் குறிப்புகளையும் வைக்க இடம் போதவில்லை. மனைவி அதில் வைத்திருந்த மருந்துப் பையை எடுத்துப் பெரிய பெட்டிக்குள் செருகினேன். கூடவே, அங்கி கசங்கியிருந்தால் தேய்க்கலாம் என்று சிறிய அயர்ன் பாக்ஸ் ஒன்றையும், ஜெபவேளைக்கென்று இரண்டு மெழுகுவர்த்திகளையும் வைத்தேன். இவற்றில் எதையும் அவளிடம் சொல்லவில்லை. திருப்பூரில் சேரன் எக்ஸ்பிரஸ் ஏறி, காலையில் சென்னை சென்ட்ரலில் இறங்கினோம்.

துறைமுகத்தில் பெரிய பெட்டிகளை முதலிலேயே வாங்கிக்கொள்கிறார்கள். அவற்றைச் சோதனையிட்டு, நூற்றுக்கணக்கான அறைகளுக்குப் பிரித்துக் கொண்டுசேர்க்க இரவுகூட ஆகலாம். இது கப்பல்களின் வழக்கம். என் மனைவியின் நோட்டிலும் எழுதியிருந்தது. தீ அபாயம் கருதி அயர்ன் பாக்ஸ், மெழுகுவர்த்தி போன்றவற்றைக் கப்பலில் அனுமதிப்பதில்லை. என் பெட்டியில் அவை இருந்தமையால் அதைத் தனியே எடுத்து வைத்துவிட்டார்கள். பெட்டி தாமதமானதற்குக் காரணம் நானேயன்றி வேறெவரும் அல்லர்.

கப்பல் புறப்படுமுன் எங்களை அவசரகாலப் பயிற்சிக்குக் கூட்டினார்கள். 1912இல் டைட்டானிக் மூழ்கியபோது ஏறியவர்கள் அனைவருக்கும் போதுமான படகுகள் அதில் இல்லை. அதன்பின் 1914இல் நாடுகள் லண்டனில் கூடி, கடலில் உயிர்களைக் காப்பதற்கான உடன்படிக்கையை ஏற்படுத்தின. இன்றைய பயிற்சிகளுக்கு வேர் அங்கே இருக்கிறது. எந்த வழியாக வரவேண்டும், எங்கே நிற்கவேண்டும், மிதவை உடுப்பை எப்படிக் கட்டவேண்டும் என்று கற்பித்தார்கள். அமைதியான கடலில், இசை ஒலிக்கும் மாலையில், வராதிருக்கவேண்டும் என்று எல்லாரும் விரும்பும் ஒரு வேளைக்காக வரிசையில் நின்றோம். அதை அவிசுவாசம் என்று எவரும் சொல்லமாட்டார்.

இரவு ஒன்பது மணி ஆயிற்று. பெட்டி வரவில்லை. ஸ்டென்ட் வைத்த நாளில், இரத்தம் உறையாதிருக்கக் கொடுத்த மாத்திரையை ஒரு வேளையும் தவறவிடக் கூடாது என்று மருத்துவர் என் கையைப் பிடித்துச் சொல்லியிருந்தார். அதுவும் அந்தப் பெட்டியில்தான் இருந்தது. நான் நடந்ததை மனைவியிடம் சொன்னேன். சொல்லும்போது என் குரல் எனக்கே சிறுத்துக் கேட்டது.

அவள் தன் கைப்பையைத் திறந்தாள். கைக்குட்டை ஒன்றில் முடிந்திருந்த சிறு பொட்டலத்தை எடுத்தாள். மூன்று நாள் மாத்திரைகள். காலை, இரவு எனத் தனித்தனியாக மடித்து, என் பெயர் எழுதியிருந்தது. "இந்தாங்க, தண்ணி குடிச்சு முழுங்குங்க" என்றாள். கடிந்துகொள்ளவில்லை. நான் பையை மாற்றுவேன் என்று அவளுக்கு முன்பே தெரியுமா என்று கேட்கவும் எனக்குத் துணிவு வரவில்லை. பெட்டி பதினொன்றரை மணிக்கு வந்தது. அயர்ன் பாக்ஸும் மெழுகுவர்த்தியும் பயணம் முடிந்து இறங்கும்போது திரும்பக் கிடைத்தன.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. கப்பல் தெற்கு நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. வலப்புறத்து இருளில் தரங்கம்பாடிக் கரை எங்கோ இருக்கும் என்று எண்ணினேன். 1706 ஜூலை 9 அன்று, ஏழு மாதக் கடற்பயணத்துக்குப்பின் சீகன்பால்கு அங்கே வந்து இறங்கினார் என்பதை நாம் அறிவோம். அவ்வளவாக அறியப்படாத இன்னொருவர் உண்டு. 1711இல் இங்கிலாந்திலிருந்து தரங்கம்பாடி மிஷனுக்கு ஓர் அச்சு இயந்திரம் கப்பலேறியது. அதை இயக்குவதற்காக யோனாஸ் ஃபிங்க் என்ற அச்சர் உடன் வந்தார். வழியில் பிரேசிலின் ரியோ டி ஜெனிரோவில் பிரெஞ்சுக்காரர் அந்தக் கப்பலைப் பிடித்தனர். விடுபட்டுப் பயணம் தொடர்ந்தபின், நன்னம்பிக்கை முனையருகே ஃபிங்க் நோயுற்று இறந்தார். 1712இல் இயந்திரம் வந்தது, அவர் வரவில்லை. மறு ஆண்டில் ஹாலே நகரிலிருந்து தமிழ் எழுத்துகளும் வந்தன. 1715இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சில் நிறைவடைந்தது. அந்த இயந்திரத்தோடு ஏறியவர் யாருக்காக ஏறினாரோ அவர்களைக் காணவே இல்லை. பெட்டியைப் பிரிப்பவர் யாரென்று தெரியாது என்ற நம் சகோதரியின் சொல் அப்போதுதான் எனக்கு விளங்கிற்று.

இன்னொன்றும் விளங்கிற்று; அதைச் சொல்ல வெட்கப்படுகிறேன். நாளையைக் குறித்துக் கவலை கொள்ளவேண்டாம் என்ற ஆண்டவரின் போதனையை மத்தேயு 6ஆம் அதிகாரத்திலிருந்து நான் எத்தனையோ முறை பிரசங்கித்திருக்கிறேன். அப்படிப் பிரசங்கித்த ஒவ்வொரு ஞாயிறன்றும் என் அங்கி தேய்த்து மாட்டப்பட்டிருந்தது; காலை உணவு மேசையில் இருந்தது; மாத்திரை தண்ணீரோடு வைக்கப்பட்டிருந்தது. கவலையின்றி இருக்கிறேன் என்று நான் எண்ணிக்கொண்டது, இன்னொருவர் எனக்காக நினைவில் வைத்துக்கொண்டதால். அந்த உழைப்பைத்தான் நான் அவிசுவாசம் என்று கேலி செய்தேன்.

நோவாவை நினைத்துப் பாருங்கள். எபிரெயர் 11ஆம் அதிகாரம் அவரை விசுவாச வீரர் வரிசையில் வைக்கிறது. அவர் செய்தது என்ன? இன்னும் கண்ணுக்குத் தெரியாத ஒன்றுக்காகப் பேழையைக் கட்டினார். அறைகள் அமைத்தார், உள்ளும் புறமும் கீல் பூசினார். குடும்பத்துக்கும் உயிரினங்களுக்கும் ஆகாரம் சேர்த்து வைக்கும்படி தேவனே அவருக்குக் கட்டளையிட்டார் என்று ஆதியாகமம் கூறுகிறது. அவருடைய விசுவாசம் கீல் பூசிய கைகளிலும் இருந்தது. கவலை வேறு, கவனம் வேறு. கவலை தன்னையே சுற்றிவருகிறது. கவனம் மற்றவருக்கு நேரிடக்கூடிய குறையை முன்பே கண்டு அங்கே போய் நிற்கிறது.

காங்கேசன்துறையில் இறங்கியபோது எங்களை யாழ்ப்பாணத்துக்கு அழைத்துச்சென்ற ஓட்டுநர் அந்தப் பகுதியைச் சேர்ந்தவர். 1990 ஜூனில், யுத்தத்தின் காரணமாக வலிகாமம் வடக்கின் மக்கள் தங்கள் வீடுகளை விட்டு வெளியேற நேர்ந்தது. பலர் பல்லாண்டுகள் திரும்ப முடியவில்லை. அப்போது அவர் சிறுவன். கையில் கிடைத்ததோடு புறப்பட்டார்களாம். ஆனால் அவருடைய தாயார், பிறப்புச் சான்றுகளையும் காணி உறுதியையும் ஒரு துணிப்பையில் போட்டுக் கதவருகே மாட்டி வைத்திருந்தாராம். அந்தப் பை இருந்ததால்தான் பின்னாளில் தங்கள் நிலத்தைத் தங்களுடையது என்று காட்ட முடிந்தது என்றார். என் மனைவி அவருடைய தாயாரைப்பற்றி இன்னும் இரண்டு கேள்விகள் கேட்டாள். நான் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தேன்.

இப்போது, கேட்ட தாயாருக்கு என் பதில். பாஸ்போர்ட்டுக்கு இன்னும் ஆறு மாதங்களுக்குமேல் காலம் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். இறங்கும் நாட்டின் பயண அனுமதியை முன்கூட்டியே விசாரியுங்கள். மருந்து, மருந்துச் சீட்டு, பாஸ்போர்ட், கண்ணாடி, ஒரு மாற்றுடை ஆகியவை கைப்பையில்தான் இருக்கவேண்டும். மருந்தை இரண்டாகப் பிரித்து இருவரிடம் வையுங்கள். வாந்தியைத் தடுக்கும் மாத்திரையை மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள். கடற்காற்றில் வெயிலின் கடுமை தெரியாது. தொப்பியும் முழுக்கைப் பருத்திச் சட்டையும் அவசியம். உள்ளேயோ குளிரும், முதியோருக்குச் சால்வை வேண்டும். நடுக்கடலில் கைப்பேசி எடுக்காது என்று வீட்டாருக்கு முன்பே சொல்லிவிடுங்கள். அயர்ன் பாக்ஸ் வேண்டவே வேண்டாம்.

இத்தனைக்குப் பிறகும் ஏதேனும் ஒன்று விட்டுப்போகும். பவுல் அப்போஸ்தலனும் துரோவாவில் கார்ப்பு என்பவரிடம் தன் மேலங்கியை விட்டுவந்தார். குளிர்காலம் நெருங்குகையில், சிறையிலிருந்து தீமோத்தேயுவுக்கு எழுதி, அதையும் புத்தகங்களையும் கொண்டுவரும்படி கேட்டார். தேவையைக் கேட்க அவர் வெட்கப்படவில்லை. நீங்களும் கேளுங்கள்.

அன்பான சகோதரர்களே, உங்களுக்கு ஒரு வார்த்தை. பெட்டியை மூடுமுன், அதைக் கட்டியவர் யார் என்று பாருங்கள். அவர் எழுதிய பட்டியலை முழுவதும் வாசியுங்கள். அதிலிருந்து எதையேனும் எடுக்க நேர்ந்தால் அவரைக் கேட்டு எடுங்கள். ஊர் திரும்பியபின் ஒருநாள் நான் என் மனைவியிடம் அந்த இரவுக்காகவும், அதற்குமுன் சிரித்ததற்காகவும் மன்னிப்புக் கேட்டேன். "அடுத்த தடவை பட்டியல நீங்க எழுதுங்க" என்றாள். இப்போது நான்தான் எழுதுகிறேன். அவள் படித்துப் பார்த்து, விட்டுப்போனதைச் சேர்க்கிறாள்.

ஜெபிப்போம்: எங்கள் தேவைகளை நாங்கள் அறியுமுன் அறிந்திருக்கிற பிதாவே, எங்களுக்காக விழித்திருந்து ஆயத்தம் செய்கிறவர்களை நாங்கள் காணும்படி எங்கள் கண்களைத் திறந்தருளும். பயணம் போகிற பிள்ளைகளைப் போக்கிலும் வரத்திலும் காத்துக்கொள்ளும். எங்கள் கைகளும் ஒருவருடைய குறையை முன்பே நினைக்கிற கைகளாகட்டும். இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம். ஆமென்.