நண்டுச் சதையும் நான்கு கைகளும்

மேரிலாந்து மாநிலத்தில் நாலு பேரை வீட்டுக்கு அழைத்துவிட்டு நண்டு வைக்காமலிருப்பது, நம்மூர்க் கல்யாணப் பந்தியில் பாயசத்தை மறப்பதற்கு ஒப்பானது. செசபீக் விரிகுடாவின் நீலநண்டைப் பற்றி இவ்வூராருக்குள்ள பெருமிதம் சாமானியமானதன்று. 1896-இல் மேரி ராத்பன் என்ற விலங்கியலாளர் அதற்குச் சூட்டிய 'கல்லினெக்டஸ் சாபிடஸ்' என்ற பெயருக்கே 'சுவைமிக்க அழகிய நீச்சல்காரன்' என்றுதான் பொருள்.

பால்டிமோருக்கு அருகே குடியிருக்கும் கணவனும் மனைவியுமாகிய நாங்கள் சென்ற கோடையில் பன்னிரண்டு பேரை விருந்துக்கு அழைத்தோம். ஒரு பவுண்டு, அதாவது 454 கிராம் நண்டுச் சதை. அதில் பாதியளவு க்ரீம் சீஸ். இரண்டு கரண்டி மயோனைஸ், சிறிது கடுகு விழுது, எலுமிச்சைச் சாறு, பொடியாக அரிந்த வெங்காயத்தாள். சதை உதிராமல் விரல் நுனியால் கலந்து, காகிதம்போல் மெலிந்த மாவுக் கிண்ணங்களில் நிரப்பி, ஓவனில் 190 பாகை செல்சியஸில் கால்மணி நேரம் வைத்தால் விளிம்பு பொன்னிறமாகும். நாற்பத்தைந்து கிண்ணங்கள் தேறும்.

மேலே தூவ 'ஓல்டு பே' பொடி. அதன் கதை கசப்பானது. புக்கன்வால்ட் வதைமுகாமிலிருந்து மீண்டு பால்டிமோருக்கு அகதியாக வந்த குஸ்தாவ் பிரன் என்ற யூத மசாலா வணிகர் 1939-இல் உருவாக்கியது. இன்று மேரிலாந்தின் அடையாளமே அந்த அகதியின் கைப்பக்குவந்தான்.

சிக்கல் நண்டு வாங்கும்போதுதான் எழுந்தது. கடையின் குளிர்பெட்டியில் இரண்டு டப்பாக்கள் இருந்தன. ஒன்று விரிகுடாவினது; மற்றதன் அடியில் 'இந்தியத் தயாரிப்பு' என்றிருந்தது. இனம் வேறெனினும் குடும்பம் ஒன்றுதான். எங்களில் ஒருவர் மண்டபத்தில் பிறந்தவர். பாக் நீரிணையில் பிடிபடும் நண்டின் சதை அமெரிக்காவுக்கு ஏற்றுமதியாவது அவருக்குச் செய்தியன்று. அவருடைய சித்தி பல வருடங்கள் கூடமொன்றில் சதையெடுத்தவர். கூலி எடைக்கணக்கில். விருந்தினருக்கு உள்ளூர் நண்டே மரியாதை என்றார் ஒருவர். சித்தியின் கைபட்டதாக இருக்கக்கூடியதை ஒளித்துவைப்பது எந்த மரியாதை என்றார் மற்றவர். முடிவில் அரைப் பவுண்டு டப்பாவாக இரண்டையும் வாங்கி, இரண்டு தட்டுகளில் வைத்து, எது எந்தக் கடலுடையது என்று எழுதியும் வைத்தோம்.

உள்ளூர் என்பதும் அத்தனை எளிய சொல்லன்று. இங்கே கிழக்குக்கரை நண்டுக்கூடங்களில் முன்பு பெரும்பாலும் கறுப்பினப் பெண்கள் சதையெடுத்தார்கள். பின்னர் மெக்சிகோவிலிருந்து பருவகால விசாவில் பெண்கள் வரலானார்கள். 2018-இல் அந்த விசாக்கள் குலுக்கல் முறையில் வழங்கப்பட்டபோது பல கூடங்கள் ஆளின்றித் தவித்தன. நீந்துகால்களை இயக்கும் இரண்டு பெருந்தசைகளே ஒரு நண்டின் விலையுயர்ந்த பகுதி. அவற்றைச் சிதையாமல் எடுக்கக் கைதான் வேண்டும்.

விருந்தினருள் எழுபது கடந்த அண்டைவீட்டு அம்மையார் ஒருவர், இந்தியத் தட்டின் முன் வெகுநேரம் நின்றார். சித்தியைப் பற்றிச் சொன்னோம். ருசியைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. "ஓடு கிழித்த விரலுக்கு உங்கள் சித்தி என்ன செய்வார்?" என்று கேட்டார். கிரிஸ்ஃபீல்டு ஊரில் நண்டுச் சதையெடுத்துத்தான் அவருடைய தாயார் ஐந்து பிள்ளைகளை வளர்த்தாராம். விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு மறுநாளும் விடியுமுன் கிளம்பிவிடுவாராம்.

மறுநாள் சித்தியைத் தொலைபேசியில் அழைத்து இதையெல்லாம் விவரித்தோம். பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அது கிடக்கட்டும், அந்தம்மாவுக்குக் கிலோவுக்கு எவ்வளவு குடுத்தாங்களாம்?" என்றார்.

கேட்டுச் சொல்வதாக வாக்களித்திருக்கிறோம்.