பீலித் தண்ணீர் எங்கே போகிறது?

நீரேந்துப் பிரதேசம் என்பது இலங்கைப் பாடநூல்களில் வழங்கும் சொல். தமிழகத்தார் அதனை நீர்ப்பிடிப்புப் பகுதி என்பர். பெய்யும் மழையெல்லாம் வழிந்து ஓர் ஆற்றைச் சென்றடையும் நிலப்பரப்பு என்பது அதன் பொருள். இந்த வரைவிலக்கணத்தைப் பிழையின்றி ஒப்புவிக்கும் பிள்ளைகளை ஊவாவின் தோட்டப் பாடசாலைகளில் கண்டிருக்கிறேன். உங்கள் லயத்துப் பீலியில் வழியும் தண்ணீர் எங்கே போகிறது என்று கேட்டால் அதே பிள்ளைகள் திகைத்து நிற்பார்கள். மலையூற்றை இறக்கி, குளிக்கவும் குடிக்கவும் மக்கள் பயன்படுத்தும் இடமே பீலி. அன்றாடம் அதில் குடம் நிறைக்கும் பிள்ளைக்கு அதன் வழி தெரியாது.

பதுளை மாவட்டத்தின் தண்ணீர் ஒரு திசையில் மட்டும் போவதில்லை. பதுளு ஓயா துன்ஹிந்தை அருவியாய் விழுந்து மகாவலியில் கலக்கிறது. உமா ஓயாவும் மகாவலியையே சேர்கிறது. தெற்குச் சரிவின் நீர் கிரிந்தி ஓயாவாகிறது. கதிர்காமத்தில் அடியார்கள் நீராடும் மாணிக்க கங்கையின் ஊற்றுக்கண் நமுனுகுல மலைப்பக்கம். கிழக்கு மலைகளில் பிறக்கும் கல் ஓயாவோ, பட்டிப்பளை ஆறு என்ற பெயரில் அம்பாறை வயல்களுக்குப் பாய்கிறது. கொழுந்து பறிக்கும் தாயின் மலையில் விழும் மழையே, தொலைவில் இன்னொரு தமிழ்த்தாயின் உலையில் அரிசியாகிறது. ஆரம்ப வகுப்பில் சொல்ல இதைவிட நல்ல கதை எது?

இது வெறும் பூகோள அறிவு மட்டுமன்று. 2014 ஒக்டோபர் 29 காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. பாடசாலைக்குச் சென்றிருந்த பிள்ளைகள் பிழைத்தனர். அவர்களில் சிலர் பெற்றோரை இழந்தனர். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் அவ்விடத்தைப் பற்றி எச்சரித்திருந்தது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போதும் பதுளையில் பல சரிவுகள் உயிர்களைக் காவுகொண்டன. ஊற்று திடீரெனக் கலங்குவதும், இல்லாத இடத்தில் நீர் கசிவதும், நிலம் வெடிப்பதும், மரங்கள் சாய்வதும் மண்சரிவின் முன்னறிகுறிகள். இவற்றை முதலில் காணக்கூடியவர்கள் ஓடையோரம் நடந்து பள்ளிக்கு வரும் பிள்ளைகளே. ஆனால் கண்டதன் பொருளை அவர்களுக்கு யாராவது சொல்லியிருக்க வேண்டும்.

நமுனுகுலப் பக்கத்துப் பாடசாலை ஒன்றில் ஓர் ஆசிரியை மழைக்கு மறுநாள் தரம் 4 பிள்ளைகளை வெளியே அழைத்துச் சென்றார். காட்டோடை நீரை ஒரு போத்தலிலும், புல் வெட்டிய தேயிலை மலையின் கீழ் ஓடும் நீரை இன்னொன்றிலும் நிரப்பி யன்னலில் வைத்தார். மறுநாட்காலை இரண்டாவது போத்தலின் அடியில் விரல் தடிப்புக்கு மண் படிந்திருந்தது. “எங்க அப்பா கான் வெட்டுறது இந்த மண்ணப் புடிக்கத்தானே டீச்சர்?” என்றான் ஒரு சிறுவன். தந்தையின் கூலிவேலை அன்று அவனுக்கு அறிவாகத் தெரிந்தது.

1990களின் இறுதியில் வந்த கல்விச் சீர்திருத்தம் ஆரம்பப் பிரிவுக்குச் ‘சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள்’ என்ற பாடத்தைத் தந்தது. ஆகவே வெளியே சென்று கற்பிப்பது புதிய எண்ணமன்று. அதற்குத் தடையாக நிற்பவை வேறு. தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை ஆசிரியரையும் பெற்றோரையும் வினாத்தாளோடு கட்டிப்போடுகிறது. நகரிலிருந்து வரும் ஆசிரியருக்குப் பாடசாலை தெரியும். பாடசாலைக்கு மேலேயுள்ள மலை தெரியாது. திட்டங்கள் வரும்போது செயலமர்வும் சான்றிதழும் கைந்நூலும் வருகின்றன. நிதி தீர்ந்ததும் கைந்நூல் அலுமாரிக்குப் போய்விடுகிறது.

கைந்நூலைக் கொழும்பில் எழுதி ஆசிரியர் கையில் கொடுப்பதைவிட, தம் பாடசாலையின் நீர்வழிப் படத்தை ஆசிரியர்களே நடந்து வரையச் செய்வது நல்லது. எந்த ஊற்று எந்த லயத்துக்கு, எந்தக் கான் எந்த ஓடைக்கு என்று அவர்களுக்குச் சொல்ல கான் வெட்டும் தொழிலாளியைவிடச் சிறந்த வளவாளர் கிடையாது. அதற்கு வாரத்தில் ஒரு பொழுதை வலயக் கல்வி அலுவலகம் ஒதுக்கித் தந்தால் போதும். ஆசிரியர் மலையேறாத வரையில், நீரேந்துப் பிரதேசம் பிள்ளைக்கு மனனம் செய்யவேண்டிய இன்னொரு சொல்லாகவே இருக்கும்.