ரோமின் கற்களில் 42 கிலோமீட்டர்

ரோம் மாரத்தானில் ஓடப் போகிறேன் என்றதும் நண்பர்களுக்குப் பொறாமை. "கொலோசியத்தைப் பார்த்துக்கொண்டே ஓடலாம், கொடுத்து வைத்தவர்" என்றார்கள். ஓடுகிறவன் எதையும் பார்ப்பதில்லை. முதல் பத்து கிலோமீட்டருக்குக் கடிகாரத்தைப் பார்ப்பான், கடைசிப் பத்துக்குத் தரையைப் பார்ப்பான். நடுவில் தெரிவதெல்லாம் முன்னால் ஓடுகிறவரின் முதுகுதான்.

வேடிக்கை பார்க்க நேரம் இருப்பது, தொடக்கக் கோட்டுக்குப் பின்னால் கூட்டத்தோடு கூட்டமாக நிற்கும்போது மட்டும். கொலோசியத்தை நோக்கி நூல் பிடித்தாற்போல் நேராகப் போகும் அந்த அகலச் சாலையைப் பார்க்கிறவர்கள், சீசர் காலத்தில் போட்டது என்றே நினைப்பார்கள். போட்டவர் முசோலினி, 1932இல். தன் படைகள் பழம்பெருமையின் நடுவே அணிவகுத்துப் போக வேண்டும் என்பதற்காக, அங்கே குடியிருந்தவர்களின் வீடுகளை இடித்து, பழைய மன்றங்களின் மேலேயே சாலையை ஓட்டிவிட்டார். சாலையோரம் மாக்சென்டியஸ் பசிலிக்காவின் பிரம்மாண்டமான வளைவுகள் நிற்கின்றன. அவற்றின் அடியில் பேரரசர் டொமிஷியன் காலத்து மிளகுக் கிடங்கு ஒன்று இருந்தது. யவனர்கள் முசிறியில் பொன்னைக் கொட்டி ஏற்றிக்கொண்டு போன மிளகு, வந்து குவிந்த இடம். மார்ச் மாதக் காலைக் குளிரில் நடுங்கிக்கொண்டு நின்றவனுக்கு வரலாற்று உணர்ச்சி பொங்கவில்லை. ஒரு டம்ளர் மிளகு ரசம் கிடைத்தால் தேவலை என்றுதான் இருந்தது.

துப்பாக்கி வெடித்த பிறகு எல்லாம் தரைதான். ரோமின் நடுப்பகுதித் தெருக்களில் கையகலக் கருங்கற்களைப் பதித்திருக்கிறார்கள். சான்பியெத்ரீனி என்பார்கள். எரிமலைக் குழம்பு இறுகிய கல். மேலே சதுரம், அடியில் கூம்பியிருக்கும். மணலில் நிறுத்திச் சுத்தியலால் தட்டி இறக்கிவிடுவார்கள். இடுக்கு வழியே மழைத் தண்ணீர் உள்ளே இறங்கிவிடும். அருமையான ஏற்பாடு, நடக்கிறவர்களுக்கு. ஓடுகிறவனுக்கோ ஒரு கல் இடப்பக்கம் சாய்ந்திருக்கும், அடுத்தது வலப்பக்கம். கணுக்கால் ஒவ்வொரு அடிக்கும் புதுக் கணக்குப் போட வேண்டும். இந்தக் கற்களில் பெரும்பங்கு ஓட்டத்தின் கடைசிக் கட்டத்தில்தான் வருகிறது. நவோனா சதுக்கம், ஸ்பானியப் படிக்கட்டு என்று அழகான இடங்கள் எல்லாம் அங்கேதான். தொடை மரத்துப்போய்க் கடந்த எனக்கு, அவற்றில் நினைவிருப்பது சாக்கடை மூடிகள்.

ஒன்றை மட்டும் வாழ்த்தத்தான் வேண்டும். தெருவோரம் நிற்கும் வார்ப்பிரும்புக் குழாய்களில் இரவு பகலாக நல்ல தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கிறது. குழாயின் வாயை விரலால் அடைத்தால், மேல்வளைவில் இருக்கும் சிறு துளை வழியே தண்ணீர் பீறிட்டு எழும், குனியாமலே குடிக்கலாம். முப்பது கிலோமீட்டருக்குப் பிறகு குனியாமல் குடிப்பது எத்தனை பெரிய சலுகை என்பது ஓடியவர்களுக்குத் தெரியும்.

தடித்த அடிப்பாகம் வைத்த காலணிக்குள்ளேயே என் பாதம் எரிந்தது. இதே ஊரில் ஒருவர் வெறுங்காலோடு ஓடித் தங்கம் வென்றிருக்கிறார். 1960 ஒலிம்பிக். எத்தியோப்பியப் பேரரசரின் மெய்க்காவல் படைவீரர் அபேபே பிகிலா. கொடுத்த காலணி காலுக்குச் சரிப்படவில்லை, கழற்றிப் போட்டுவிட்டார். மாலையில் தொடங்கிய ஓட்டம் இருட்டியபின் முடிந்தது. பழைய ஆப்பியன் சாலையில் படைவீரர்கள் தீப்பந்தம் பிடித்து நிற்க, அந்த வெளிச்சத்தில் ஓடினார்கள். முடிவு நெருங்கும்போது, கூடவே வந்த மொராக்கோ வீரரை விட்டு பிகிலா பிய்த்துக்கொண்டு போனார். அவர் வேகமெடுத்த இடத்தில் ஒரு கல்தூண் நின்றது. எத்தியோப்பியாவின் அக்சும் நகரத்துத் தூண். நாட்டைப் பிடித்த இத்தாலியப் படை 1937இல் வெற்றிச் சின்னமாகப் பெயர்த்துக்கொண்டு வந்தது. அதைத் தாண்டி, ரோமானியத் தளபதிகளின் வெற்றி ஊர்வலம் போன அதே தெரு வழியாக, கான்ஸ்டன்டைன் வளைவின் அடியில் வந்து முடித்தார். 2 மணி 15 நிமிடம் 16 விநாடி.

தூண் இப்போது அங்கே இல்லை. 2005இல் அக்சுமுக்கே திருப்பி அனுப்பிவிட்டார்கள். 2010இல் ரோம் மாரத்தானை வென்ற எத்தியோப்பியர் சிராஜ் கெனா, பிகிலாவின் நினைவாகக் கடைசிச் சில நூறு மீட்டரைக் காலணியைக் கழற்றிவிட்டு ஓடினார். அவர் ஓடிவந்த கற்களை நினைத்தால், வென்ற நேரத்தைவிட எனக்கு அதுதான் பெரிதாகப் படுகிறது.

ரோமில் ஓடப் போகிறவர்கள் நேரக் கணக்கை ஊரிலேயே விட்டுவிட்டுப் போங்கள். சொந்தச் சாதனை வேண்டுமென்றால் பெர்லின் இருக்கிறது, தட்டையான தார்ச்சாலை. ரோமில் ஓடினால், மறுநாள் கால் வலியோடு சான் கிரெகோரியோ தெருவுக்கு நடந்து போய், பிகிலாவுக்கு வைத்திருக்கும் நினைவுப் பலகையைப் பார்த்துவிட்டு வாருங்கள். கொலோசியத்திலிருந்து சில நிமிட நடைதான். கொலோசியத்தைப் போல வரிசையில் நிற்க வேண்டாம், சீட்டும் வாங்க வேண்டாம்.