எண்கள் காட்டும் காட்சி

உலகில் நிகழ்வனவற்றை அறிந்துகொள்ளும் ஆவல் மக்களுக்கு இயல்பாகவே உண்டு. ஆடுகளத்தில் எந்த அணி முந்துகிறது, ஆற்றில் வெள்ளம் எவ்வளவு உயர்ந்துள்ளது, தேர்தலில் யார் முன்னணியில் நிற்கிறார் என்பவற்றை உடனுக்குடன் அறிய அவர்கள் விரும்புகின்றனர். இச்செய்திகள் பெரும்பாலும் எண்களாகவே வந்து சேர்கின்றன. எண்கள் சிலவாயின் அவற்றை மனத்தில் இருத்திக்கொள்ளலாம். ஆயிரக்கணக்கில் வந்து குவியுமாயின், படிப்பவர் நடுக்கடலில் திசை தெரியாது தவிக்கும் மாலுமியைப் போல் ஆகிவிடுவர். அந்நிலையில் அவருக்கு வழிகாட்டுவது தகவல் பலகையாகும்.

இதனை ஆங்கிலத்தில் டாஷ்போர்டு என்பர். அப்பெயரின் வரலாறு சுவையானது. குதிரை வண்டிகள் ஓடிய காலத்தில், குதிரையின் குளம்புகள் வாரி எறியும் சேறு வண்டியோட்டியின்மேல் தெறிக்காதவாறு வண்டியின் முன்புறத்தில் ஒரு பலகையைப் பொருத்தினர். அப்பலகையே டாஷ்போர்டு எனப்பட்டது. பின்னர் மோட்டார் வண்டி வந்தது. குதிரை போயிற்று, பெயர் மட்டும் நிலைத்தது. வண்டியின் வேகத்தையும் எரிபொருளின் அளவையும் காட்டும் கருவிகள் அவ்விடத்தில் அமைந்தன. இன்று கணினித் திரையில் பலவகை எண்களைத் தொகுத்துக் காட்டும் பக்கத்திற்கும் அப்பெயரே வழங்குகிறது. வண்டியோட்டுபவர் சாலையிலிருந்து நெடுநேரம் கண்ணை எடுத்தல் ஆகாது. ஒரு நொடிப் பார்வையிலேயே நிலைமை விளங்குதல் வேண்டும். கணினியில் அமையும் பலகைக்கும் அதுவே இலக்கணமாகும்.

எண்களைப் படமாக்கும் முயற்சி இன்று நேற்றுத் தோன்றியதன்று. ஸ்காட்லாந்து நாட்டவரான வில்லியம் பிளேஃபேர் 1786ஆம் ஆண்டில் ஒரு நூலை வெளியிட்டார். அதில் ஏற்றுமதி இறக்குமதிக் கணக்குகளைக் கோடுகளாலும் பட்டைகளாலும் வரைந்து காட்டினார். 1854ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரின் சோகோ பகுதியில் காலரா நோய் பரவியது. ஜான் ஸ்னோ என்னும் மருத்துவர் இறந்தோரின் வீடுகளை ஆராய்ந்து, பிராட் தெருவில் இருந்த நீரிறைக்கும் குழாயே நோய்க்குக் காரணம் என்று எடுத்துரைத்தார். அவர் சொற்படி அக்குழாயின் கைப்பிடி அகற்றப்பட்டது. பின்னர் அவர் வெளியிட்ட நிலப்படத்தில், ஒவ்வோர் இறப்பிற்கும் ஒரு சிறு கோடு இடப்பட்டிருந்தது. அக்கோடுகள் அக்குழாயைச் சுற்றியே நெருங்கி நின்றன. கிரிமியப் போரில் செவிலியராகத் தொண்டாற்றிய பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார், புண்பட்டு இறந்த வீரரைவிடத் தடுக்கக்கூடிய நோய்களால் இறந்த வீரரே மிகப் பலர் என்பதை 1858ஆம் ஆண்டில் வண்ணப் படங்களால் விளக்கினார்.

இவர்கள் வரைந்தவை அசையாப் படங்கள். வரைந்தவர் காட்ட விரும்பியதை மட்டுமே அவை காட்டின. இக்காலத்துத் தகவல் பலகையோ பார்ப்பவரின் வினாவிற்கும் விடை தருகிறது. நாட்டின் பெயரைத் தொட்டால் அந்நாட்டின் கணக்குத் தோன்றும். மாதத்தைத் தொட்டால் அம்மாதத்தின் கணக்குத் தோன்றும். இவ்வாறு பார்ப்பவரும் பலகையும் வினாவும் விடையுமாக உரையாடுதலால், இதனை ஊடாடும் பலகை என்று வழங்குவர்.

இத்தகைய பலகை எவ்வாறு உருவாகிறது என்பதற்குக் கிரிக்கெட் விளையாட்டு நல்ல சான்றாகும். ஒருநாள் ஆட்டத்தில் இரண்டு அணிகளும் 50 ஓவர்களை முழுமையாக ஆடினால், முறையாக வீசப்பட்ட பந்துகள் மட்டுமே 600 ஆகும். ஒவ்வொரு பந்திற்கும் அட்டவணையில் ஒரு வரிசை ஒதுக்கப்படுகிறது. பந்தை வீசியவர் யார், எதிர்கொண்டவர் யார், எடுத்த ஓட்டங்கள் எத்தனை, விக்கெட் விழுந்ததா என்னும் விவரங்கள் அவ்வரிசையில் பதியப்படுகின்றன. இவ்வட்டவணையே அடித்தளம். இதன்மீதுதான் ஓவர்தோறும் எடுத்த ஓட்டங்களைக் காட்டும் பட்டைகளும், ஓட்ட எண்ணிக்கை வளர்வதைக் காட்டும் கோடும் எழுகின்றன. அடித்தளத்தில் ஒரு வரிசை பிழைபடுமாயின் மேலே எழும் படங்களும் பிழைபடும்.

எந்த எண்ணைக் காட்டுவது என்பதிலும் கருத்து வேண்டும். ஓர் ஆட்டக்காரர் நான்கு ஆட்டங்களில் 50, 50, 50, 50 என ஓட்டங்களை எடுக்கிறார். மற்றொருவர் 0, 0, 0, 200 என எடுக்கிறார். இருவரும் ஒவ்வோர் ஆட்டத்திலும் ஆட்டமிழந்தனர் என்று கொண்டால், இருவரின் சராசரியும் 50 ஆகும். சராசரியை மட்டும் காட்டும் பலகை இருவரையும் ஒரே தட்டில் நிறுத்திவிடும். நான்கு ஆட்டங்களையும் நான்கு புள்ளிகளாகக் காட்டும் பலகையோ, ஒருவரின் நிலையான தன்மையையும் மற்றவரின் ஏற்ற இறக்கத்தையும் கண்முன் நிறுத்தும். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது சமையலறைக்குப் பொருந்தும். எல்லாக் கணக்கிற்கும் பொருந்தாது.

பலகை சரியாக இருப்பினும், அதன் பின்னுள்ள விதி பழுதாயின் பயன் இல்லை. 1992ஆம் ஆண்டு மார்ச்சு 22ஆம் நாள் சிட்னி நகரில் உலகக் கோப்பை அரையிறுதி ஆட்டம் நடைபெற்றது. இங்கிலாந்தை எதிர்த்து ஆடிய தென்னாப்பிரிக்க அணிக்கு 13 பந்துகளில் 22 ஓட்டங்கள் தேவைப்பட்டபோது மழை குறுக்கிட்டது. ஆட்டம் மீண்டும் தொடங்கியபோது, அன்றைய விதிப்படி அவ்வணி ஒரே பந்தில் 21 ஓட்டங்கள் எடுத்தாக வேண்டும் என்றாயிற்று. களத்திலிருந்த பெரிய பலகையோ ஒரு பந்தில் 22 என்று தவறாகக் காட்டியது. விதியும் நேர்மையாக இல்லை. அறிவிப்பும் சரியாக இல்லை. இதன்பின் ஃபிராங்க் டக்வொர்த், டோனி லூயிஸ் என்னும் புள்ளியியல் அறிஞர் இருவர், எஞ்சியுள்ள ஓவர்களையும் கையிலுள்ள விக்கெட்டுகளையும் சேர்த்து எண்ணும் புதிய முறையை வகுத்தனர். அம்முறை 1997ஆம் ஆண்டு சனவரி முதல் நாள், சிம்பாப்வேக்கும் இங்கிலாந்துக்கும் இடையே நடந்த ஆட்டத்தில் முதன்முதலாகப் பயன்படுத்தப்பட்டது.

விளையாட்டில் எண் தவறினால் வெற்றி கைமாறும். நாட்டு நடப்பில் எண் தவறினால் உயிருக்கே ஊறு நேரும். இதனைக் கொரோனாத் தொற்று உலகிற்கு உணர்த்தியது.

2020ஆம் ஆண்டு சனவரித் திங்களில், சீனத்தின் ஊகான் நகரில் தோன்றிய நோயைப் பற்றிய செய்திகள் சிதறி வந்துகொண்டிருந்தன. அமெரிக்காவில் பால்டிமோர் நகரத்து ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் லாரன் கார்ட்னர் என்னும் பேராசிரியை, நோய்கள் பரவும் முறையை ஆராய்ந்துவந்தார். அவரிடம் முனைவர் பட்டத்திற்கு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தவர் என்ஷெங் டோங் என்னும் சீன மாணவர். இந்நோயின் பரவலை யாவரும் காணும் பலகையாக அமைக்கலாம் என்று ஆசிரியையும் மாணவரும் கலந்து பேசினர். அம்மாணவர் இரவோடிரவாகப் பணியாற்றினார். சனவரி 22ஆம் நாள் அப்பலகை உலகின் பார்வைக்கு வந்தது. கருநிற நிலப்படத்தின்மீது செந்நிற வட்டங்கள் நோய் கண்ட இடங்களைக் காட்டின. நோயாளர் மிகுந்தால் வட்டமும் பெருத்தது.

தொடக்கத்தில் விவரங்கள் கையாலேயே சேர்க்கப்பட்டன. நாளைக்கு இருமுறை திருத்தப்பட்டன. நோய் நாடு நாடாகத் தாவியபோது மனிதக் கைகள் அவ்வேலைக்குப் போதவில்லை. ஆதலின் விவரங்களைத் தானே திரட்டும் கணினி நிரல்கள் எழுதப்பட்டன. ஒவ்வொரு நாடும் கணக்கை ஒவ்வொரு நேரத்தில், ஒவ்வொரு வடிவில் வெளியிட்டது. அவற்றை ஒரே அச்சில் வார்ப்பதே பெரும் பணியாக இருந்தது. ஆட்சியாளரும் மருத்துவரும் செய்தியாளரும் பொதுமக்களும் அப்பலகையை நாள்தோறும் நோக்கினர். 2022ஆம் ஆண்டில் கார்ட்னருக்கு லாஸ்கர் பொதுத்தொண்டு விருது வழங்கப்பட்டது. 2023ஆம் ஆண்டு மார்ச்சு 10ஆம் நாள் அப்பலகை தன் பணியை நிறைவு செய்தது. இந்தியாவிலும் தன்னார்வத் தொண்டர்கள் பலர் ஒன்றுகூடி, மாநிலங்களின் அன்றாட அறிக்கைகளைத் திரட்டி ஒரு பலகையை நடத்தினர். ஊதியம் கருதாத அவ்வுழைப்பு 2021ஆம் ஆண்டு அக்டோபர் இறுதிவரை நீடித்தது.

இப்பலகைகளைப் பார்ப்பதற்கும் பயிற்சி வேண்டும் என்பதை ஒரு நிகழ்ச்சி காட்டும். 2020ஆம் ஆண்டு பிப்ரவரி 12ஆம் நாளுக்குரிய கணக்கில், ஊபெய் மாநிலத்தில் 14,840 புதிய நோயாளர் இருப்பதாக அறிவிக்கப்பட்டது. கோடு செங்குத்தான மலைபோல் எழுந்தது. கண்டவர் அஞ்சினர். ஆனால் ஒரே நாளில் நோய் அவ்வாறு பாய்ந்துவிடவில்லை. ஆய்வுக்கூடச் சோதனை இன்றியும், மருத்துவர் அறிகுறிகளைக் கண்டு முடிவு செய்தவர்களையும் கணக்கில் சேர்க்கலாம் என்று அன்று விதி மாறியது. அவ்வகையில் சேர்ந்தவர் 13,332 பேர். மாறியது பெரும்பாலும் எண்ணும் முறையே. அக்கோட்டின் அருகில் ஒரு சிறு குறிப்பு இருக்குமாயின் அச்சம் தெளியும். இல்லையாயின் வீண் கலக்கம் விளையும்.

மற்றொரு நிகழ்ச்சி இங்கிலாந்தில் நேர்ந்தது. அதே ஆண்டு செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரையில் நோய் உறுதிப்பட்ட 15,841 பேர் அன்றாடக் கணக்கில் ஏறாமல் விடுபட்டனர். விவரங்களைச் சேர்த்த கோப்பு பழைய எக்செல் வகையைச் சார்ந்தது. அவ்வகைக் கோப்பின் ஒரு தாளில் 65,536 வரிசைகளுக்குமேல் அடங்கா. வரம்பைக் கடந்த விவரங்கள் ஓசையின்றி உதிர்ந்துபோயின. நோயுற்றவர்களுக்கு அவர்தம் சோதனை முடிவு தெரிவிக்கப்பட்டிருந்தது. ஆயினும் அவர்களோடு பழகியவர்களைத் தேடி எச்சரிக்கும் பணி காலந்தாழ்ந்தது. அந்நாள்களில் பலகையைப் பார்த்தவர், நோய் உண்மையில் இருந்ததைவிடக் குறைவு என்றே எண்ணியிருப்பர். பலகையில் தோன்றும் எண்ணைவிடத் தோன்றாத எண் கொடியதாக இருத்தலும் உண்டு.

ஆதலின் தகவல் பலகையை அமைப்போர் கைக்கொள்ள வேண்டிய நெறிகள் சில உள்ளன. யாருக்காக, எந்த வினாவிற்கு விடையாக அமைக்கிறோம் என்பதை முதலில் துணிதல் வேண்டும். விவரம் கிடைக்காத இடத்தில் சுழியம் இடுதல் கூடாது. கிடைக்கவில்லை என்று வெளிப்படையாகக் கூறுதல் வேண்டும். பட்டைகளின் உயரத்தைக் கொண்டு ஒப்பிடும் படத்தில் அளவுகோல் சுழியத்திலிருந்து தொடங்குதல் வேண்டும். இடையிலிருந்து தொடங்கினால் மடு மலையாகத் தோன்றும். பெரிய நாட்டையும் சிறிய நாட்டையும் ஒப்பிடுமிடத்து மொத்த எண்ணோடு, இலட்சம் பேருக்கு எத்தனை என்னும் வீதத்தையும் தருதல் வேண்டும். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய இயலாதோர் மக்களுள் உண்டு. அவர்களை நினைந்து வண்ணங்களைத் தேர்தல் வேண்டும். விவரம் எங்கிருந்து வந்தது, எப்போது திருத்தப்பட்டது என்பதைப் பலகையிலேயே பொறித்தல் வேண்டும். அழகு பின்னர் வரலாம்; உண்மை முன்னர் வருதல் வேண்டும்.

பார்ப்போர்க்கும் கடமை உண்டு. இவ்வெண்ணை எண்ணியவர் யார்? எதை எண்ணினார்? எதை எண்ணாது விட்டார்? இம்மூன்று வினாக்களையும் கேட்டுப் பழகிய மாணவர் எந்தப் பலகையாலும் ஏமாறமாட்டார். வண்ணப் படத்தின் கவர்ச்சியில் மயங்கி உண்மையைக் கைவிடவும் மாட்டார்.

ஸ்னோ இட்ட சிறு கோடுகள் ஒவ்வொன்றும் ஒரு வீட்டின் துயரம். கருநிலத்தின்மேல் பெருத்த செந்நிற வட்டங்களுக்குள் அடங்கியவர் அனைவரும் தாயாகவும் தந்தையாகவும் மகவாகவும் வாழ்ந்தவர்கள். எண்ணாக மாறும்போது மனிதரின் முகம் மறைந்துவிடுகிறது. அம்முகத்தை மறவாது, ஒருவரையும் விடாது, ஒருவரையும் மிகைப்படுத்தாது எண்ணிக் காட்டுவது அறமாகும். அவ்வறத்தைப் போற்றுவோர் அமைக்கும் பலகையே மக்களுக்கு மெய்யான வழிகாட்டியாகும்.