வீட்டுக்குள் ஓர் ஆணை

2020-ஆம் வருஷம் மார்ச்சு 18-ந் தேதி மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை அமுலுக்கு வந்தது. புடவைக் கடைகளும் பூக்கடைகளும் நிறைந்த மஸ்ஜித் இந்தியா வீதி வெறிச்சிட்டது. ஏப்ரல் 7-ந் தேதி முதல் அங்குள்ள சிலாங்கூர் மேன்ஷன், மலாயன் மேன்ஷன் என்னும் அடுக்கு வீடுகளில் வசித்தோர் வாயிலைத் தாண்டவும் தடை பிறந்தது.

அவ்வீடுகளுக்கு அப்பால் வசித்த நமக்கோ, முதலில் இல்லம் இன்பமாகவே இருந்தது. பகலில் குழந்தைகளோடு பல்லாங்குழி. மாலையில் சுடச்சுட உளுந்து வடை. குடும்பத்துக்கு ஒருவரே கடைக்குச் செல்லலாம் என்பது விதியாதலால் நாம் சென்றோம். கொத்தமல்லியென்று புதினாவை வாங்கி வந்து நகைப்புக்கு இடமானோம்.

ஒருநாள், "இப்படி அடைபட்டுக் கிடப்பது எவ்வளவு கஷ்டம்!" என்று அலுத்துக்கொண்டோம். வடை தட்டிக்கொண்டிருந்த மனைவியார், "உங்களுக்குத்தானே இது புதிது? கல்யாணமான நாள் முதல் எனக்கு இதுதானே வழக்கம்!" என்று சிரித்தார். நமக்குச் சிரிப்பு வரவில்லை. பெண்ணுரிமைக் கூட்டங்களில் கைதட்டிய நம் கைகள் வீட்டில் ஒரு பாத்திரமும் கழுவியதில்லை!

மே 4-ந் தேதி கட்டுப்பாடு தளர்ந்தது, நாம் வெளியேறினோம். அவருக்கு விதித்த ஆணையைத் தளர்த்த எந்தச் சர்க்காரும் வராது. விதித்த நாமே தளர்த்த வேண்டும். இப்பொழுது ஞாயிறுதோறும் அவர் தோழியரோடு மஸ்ஜித் இந்தியா சென்று வருகிறார். அன்று அடுப்பு நம்முடையது. அன்பர்களே, உங்கள் இல்லத்தில் ஆணை தளர்ந்ததா?