'பாயா' என்றால் கஷ்டம்

ஆருத்ரா தரிசனத்துக்கு உத்தரகோசமங்கை போயிருந்தேன். வருஷம் முழுக்க சந்தனக் காப்புக்குள் இருக்கிற மரகத நடராஜரை, சந்தனம் களைந்து மார்கழியில் அந்த ஒரு நாள்தான் பார்க்க முடியும். கூட்டம் சொல்ல வேண்டுமா? வரிசை நகர்வதாகவே இல்லை. "ரொம்பக் கஷ்டம்ப்பா" என்று முனகினேன். முன்னால் நின்ற பெரியவர் திரும்பி, "இதெல்லாம் ஒரு சூசாவா தம்பி?" என்றார்.

சூசாவா?

பக்கத்து கிராமத்துக்காரர். 1994-ல் மலேசியா போய், ஒரு சாப்பாட்டுக் கடையில் பதினாலு வருஷம் பாத்திரம் கழுவியிருக்கிறார். கூட வேலை பார்த்தவன் இந்தோனேஷியா, ஜாவாக்காரப் பையன். முதல் நாள் ராத்திரி அவன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "பாயா... பாயா..." என்றானாம். பசி போலிருக்கிறது என்று இவர் ஆட்டுக்கால் சூப்பைத் தேடி அடுப்படிக்கு ஓடியிருக்கிறார்! அவன் பாஷையில் பாயா என்றால் சிரமம், முடியலை. சூசா என்றால் கஷ்டம். இரண்டும் சேர்ந்து வந்தால் படாத பாடு. மனசு நொந்தால், 'சாக்கிட் ஹாத்தி'. ஹாத்தி என்பது ஈரல். நமக்கு வயிறு எரிகிறது, அவர்களுக்கு ஈரல் வலிக்கிறது.

ஊர் திரும்பி அகராதியைப் புரட்டினேன். நம்ம துக்கம் அங்கே 'டூக்கா'. சம்சாரம் 'செங்சாரா'. அர்த்தம், பெரும் துன்பம்! (வீட்டில் படித்துக் காட்ட வேண்டாம்.) இவை சமஸ்கிருதம் கொடுத்தவை. தமிழ் கொடுத்தது என்ன? முதல் 'மோடால்' ஆகியிருக்கிறது, கடை, 'கெடாய்'. கூலி, கூலியேதான். பி.காம். படித்தவனுக்குப் பெருமையாக இருந்தது, கூடவே கைவிலங்கும் 'பெலெங்கு'வாகப் போயிருப்பதைப் பார்க்கும்வரை.

"வீட்டுக்கு எழுதும்போது கஷ்டத்தைச் சொல்வீங்களாண்ணே?" என்றேன்.

"எப்புடித் தம்பி? இங்க குடிதண்ணிக்குக் குடத்தைத் தூக்கிட்டு அலையுற சனம். அதுககிட்டப் போயி எங்கஷ்டத்தையும் எழுதவா? 'நான் நலம்'தான். அழுகணும்னா அந்தப் பயகிட்ட சூசாம்பேன். அவனும் சூசாம்பான். தமிழ்ல சொன்னதே இல்ல."

பக்கத்தில் நின்ற அவர் மனைவி இதுவரை வாய் திறக்கவில்லை. இப்போது என்னைப் பார்த்தார்.

"இன்னமும் தூக்கத்துல சூசா, சூசாங்குறாக தம்பி. நான் அந்த ஊருப் பொம்பள யாரோன்னுல்ல நெனச்சுக்கிட்டிருந்தேன்!"

சிரித்தோம். அந்த அம்மாதான் முதலில் நிறுத்தினார்.

"அப்ப பதினாலு வருசமும் அப்புடித்தான் இருந்தீகளா?"

பெரியவர் முன்னால் பார்த்தபடி சொன்னார்: "வரிசை நகருது, நட."

நகரவில்லை.