நடுத்தர விலைத் துவக்கு

சென்ற மாதம் என் தங்கை மகன் கந்தப்பொளையிலிருந்து வந்திருந்தான். வந்தவன் மூன்று படங்களை என் மேசைமேல் வரிசையாக வைத்து, "மாமா, இதிலே எதை எடுக்கலாம்? ரொம்ப மலிவாவும் வேணாம், ரொம்ப ஒசத்தியாவும் வேணாம். நடுத்தரமா இருக்கணும்" என்றான். தன் மகனுக்குப் பெண் பார்க்கத் தொடங்கிவிட்டானோ என்று எண்ணி மூக்குக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டேன். மூன்றும் துவக்குகள்.

முப்பத்தைந்து ஆண்டுகள் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தவன் நான். ஒரு நாளும் துவக்கைத் தோளில் வைத்தவனல்லன். ஆயினும் அவன் என்னிடம் வந்ததில் நியாயம் இருந்தது. எங்கள் குடும்பத்தில் துவக்கைப் பற்றிய அறிவு தலைமுறை தலைமுறையாக உண்டு. சொந்தத் துவக்குத்தான் இவன் காலம்வரை இருந்ததில்லை.

என் தாத்தா ஹற்றனுக்கு அப்பால் ஒரு தோட்டத்தில் துரைக்குத் துவக்குச் சுமந்தவர். பெயர்ப் பதிவில் அவர் மலைவெட்டு ஆள். ஆனால் துரை மரை வேட்டைக்குப் புறப்படும் நாட்களில் கவ்வாத்துக் கத்தி அவர் கையை விட்டு இறங்கிவிடும், துவக்கு ஏறிவிடும். அந்தத் துரை ஒரு பழைய இரட்டைக் குழல் துவக்கு வைத்திருந்தாராம். அதை விட்டு ரைபிளுக்கு உயர வேண்டும் என்ற ஆசை அவருக்கு 1930-களின் நடுவில் வந்தது. பக்கத்துத் தோட்டத்துத் துரை ஒருவரும் அவரும் பங்களா விறாந்தையில் மூன்று மாலைகள் உட்கார்ந்து, இங்கிலாந்திலிருந்து வந்த விலைப்பட்டியலை விரித்து வைத்துக்கொண்டு வாதாடினார்களாம். லண்டன் கைவேலைத் துவக்கு வாங்கக் கையில் பணம் போதாது. மலிவானதை வாங்கினாலோ கிளப்பில் மதிப்பு இராது. கடைசியில் பேர்மிங்ஹாம் பக்கத்து நடுத்தரச் சரக்கு ஒன்றைத் தீர்மானித்தார்கள். தாத்தா விளக்கைத் தூக்கிப் பிடித்தபடி மூன்று மாலைகளும் பக்கத்தில் நின்றார். அவரை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. சுமக்கப் போகிறவர் அவர் ஒருவரே.

ரைபிள் நீளமான மரப்பெட்டியில் கப்பலேறி, கொழும்பில் இறங்கி, ரயிலில் ஹற்றன் நிலையம் வந்து சேர்ந்தது. அங்கிருந்து தோட்டம்வரை தாத்தாவின் தலையில் வந்தது.

சில ஆண்டுகளில் அந்தத் துரை சீமைக்குப் போய்விட்டார். பங்களாவைக் கூட்டிப் பெருக்கிக் கொட்டிய கழிவுத் தாள்களில் அந்த விலைப்பட்டியலும் இருந்தது. என் பாட்டி அதைக் கொண்டுவந்து, கோதுமை மாப் பசை தடவி, லயத்துக் காம்பராவின் சுவரில் ஒட்டினாள், காற்று புகாமலிருக்க. நான் ஆங்கிலப் பெரிய எழுத்துக்களைப் படித்தது அந்தச் சுவரில்தான். அரிச்சுவடியில் படிக்க வேண்டியதைத் துவக்குப் பட்டியலில் படித்தவன் இந்த மலைநாட்டில் நான் ஒருவனாகவே இருப்பேனோ என்னவோ! ஒவ்வொரு துவக்கின் படத்தின் கீழும் மூன்று தரம், மூன்று விலை. பள்ளியில் பெருக்கலும் வகுத்தலும் படித்த பின், ஒரு மழைநாளில் சுவரைப் பார்த்து நான் ஒரு கணக்குப் போட்டேன். நடுத்தரச் சரக்கின் விலை 20 பவுண். அக்காலத்தில் ஒரு பவுணுக்குப் பதின்மூன்று ரூபாய் சொச்சம். ஆக ஏறத்தாழ 266 ரூபாய். 1927-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாக வகுக்கப்பட்ட குறைந்தபட்ச நாட்கூலி மலைநாட்டில் ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம். அந்த ரைபிளுக்குத் தாத்தா கொடுக்க வேண்டிய விலை 490 நாட்களுக்கு மேற்பட்ட உழைப்பு. பாட்டி கொழுந்து பறித்து வாங்குவதாயின் ஏறத்தாழ 620 நாட்கள், அதுவும் அந்த நாட்களில் அவள் ஒரு வாய் சோறும் உண்ணாமலிருந்தால். வாத்தியாரிடம் காட்டினேன். கணக்குச் சரி என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

தாத்தா துவக்கை வெறுத்தவரல்லர். இதை நான் மறைக்கக் கூடாது. அதைப் பற்றிப் பேசும்போது அவர் கண்ணில் ஓர் ஒளி வரும். வேட்டை முடிந்து வந்ததும் கொதிக்கும் வெந்நீரைக் குழலுக்குள் ஊற்றிக் கழுவ வேண்டும், அந்தக் காலத்துத் தோட்டாவின் கேப்பு வெடித்ததும் உள்ளே ஒருவகை உப்புப் படியும், எண்ணெய் மட்டும் போட்டால் உப்புப் போகாது, ஒரே இரவில் துருவேறிவிடும் என்பார். கழுவி, துடைத்து, பிறகே ரங்கூன் எண்ணெய். இந்த ஊர் மழைக்கும் மூடுபனிக்கும் உயர்ந்த விலை, நடுத்தர விலை என்ற பேதம் தெரியாது, துடைக்கிற கைதான் துவக்கின் ஆயுள் என்பது அவருடைய சித்தாந்தம். உயர்ந்த சரக்குக்கும் நடுத்தரத்துக்கும் என்ன வித்தியாசம் என்று ஒருமுறை கேட்டேன். "இரும்பிலே பூ வேலை, கட்டையிலே மினுக்கு. தூக்குறவனுக்கு ஒண்ணுதான்" என்றார்.

இந்த மலைகளில் ஆயுதத்தைத் தேர்ந்தெடுக்கும் கலை அந்தத் துரையோடு தொடங்கியதுமன்று. 1848 முதல் 1855 வரை நுவரெலியாவில் குடியிருந்த சாமுவேல் பேக்கர் இலங்கை வேட்டையைப் பற்றித் தாம் எழுதிய நூலில் தமது ஆயுதங்களைக் கணக்குக் காட்டியிருக்கிறார். நான்கு அவுன்ஸ் குண்டு போடும் ரைபிள் ஒன்று, எடை 21 இறாத்தல். இரண்டு அவுன்ஸ் ரைபிள் ஒன்று, 16 இறாத்தல். இரட்டைக் குழல் ரைபிள்கள் நான்கு, ஒவ்வொன்றும் 15 இறாத்தல். அக்காலத்து வேட்டைக்காரர் பலரும் வழவழப்பான குழலையே நம்பியிருக்க, குழலுக்குள் சுருள்வரி வெட்டிய ரைபிளே மேல் என்று வாதாடியவர் அவர். எல்லாவற்றையும் கூட்டினால் 97 இறாத்தல் இரும்பு. இதைச் சுமந்து அவர் பின்னே காடேறியவர்கள் யார்? அக்கால வேட்டை நூல்களில் அவர்கள் வருவது பெரும்பாலும் ஓர் இடத்தில்தான்: யானை பாயும்போது கைமாற்றுத் துவக்கோடு ஓடிப்போய்விட்டான் என்று வசைபாடும் இடத்தில். பாய்கிற யானைக்கு முன்னால், கூலிக்கு நிற்கிறவன் ஓடுவது கோழைத்தனமா? எனக்கு அதில் மிகுந்த அறிவு தெரிகிறது.

மேஜர் ரொஜர்ஸ் என்பவர் ஆயிரத்து நானூறுக்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டார் என்று சொல்வார்கள். 1845-இல் அப்புத்தளையில் இடி விழுந்து இறந்தார். நுவரெலியாவில் அவரது கல்லறை இருக்கிறது. நகரைச் சுற்றிய மேட்டில் யானை இல்லை.

தங்கை மகனின் கதைக்கு வருகிறேன். அவன் எட்டு ஆண்டுகள் கட்டாரில் லொறி ஓட்டி, மிச்சம் பிடித்த பணத்தில் அரை ஏக்கர் நிலம் வாங்கியவன். கிழங்கும் லீக்ஸும் போடுகிறான். பக்கத்தில் காடு, கீழே தேயிலை. காட்டுப் பன்றிக் கூட்டம் இரவில் வந்தால், விடியும்போது பாத்தி இருந்த இடத்தில் உழுத வயல்தான் இருக்கும். பயிர் காக்க அனுமதி பெற்ற பழைய ஒற்றைக் குழல் துவக்கு ஒன்று அவனிடம் உண்டு. விசை தளர்ந்துவிட்டது. ஈரத்தில் வெடிக்காது, சில சமயம் காயாமலே வெடிக்கும் போலிருக்கிறது. அதை விட்டு நல்லதொன்று வாங்க வேண்டும் என்ற நிலை. ஒருவர் கைமாற்றித் தர இசைந்த பழைய வேட்டை ரைபிள்தான் அவன் மனத்தில் இருந்தது. மற்ற இரண்டில் ஒன்று சிறிய .22 ரைபிள், மலிவு. இன்னொன்று 12 போர் இரட்டைக் குழல், ரைபிளை விடச் சற்று விலை கூடியது.

"ரைபிள்னா தூரத்திலேருந்தே அடிக்கலாம் மாமா. நடுத்தர விலை. நம்ம தாத்தா தூக்கின மாதிரிதான்" என்றான். கடைசி வாக்கியத்தை அவன் பெருமையாகவே சொன்னான்.

துவக்கே வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவனுக்கு அது எளிது. ஆனால் துவக்கில்லாதவன் செய்வது என்ன என்பதும் எனக்குத் தெரியும். வண்டிக் கம்பியை முறுக்கிச் சுருக்கு வைப்பான். பன்றிக்கு வைத்த சுருக்குப் பன்றியைப் பார்த்துப் பிடிப்பதில்லை. 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கத்தில் கருஞ்சிறுத்தை ஒன்று அப்படித்தான் கழுத்தில் கம்பி இறுகிச் சிக்கியது. மீட்டுக் கொண்டுபோயும் சில நாட்களில் இறந்தது. பத்திரிகைகளெல்லாம் அதற்காகக் கண்ணீர் வடித்தன. வடிக்க வேண்டியதுதான். அந்தச் சிறுத்தையின் அழகு எவர் நெஞ்சையும் உருக்கும். ஆனால் கம்பி வைத்தவன் வீட்டு அடுப்பைப் பற்றியும் ஒரு வரி எழுதியிருக்கலாம்.

எனவே அவனுடன் புறப்பட்டுக் கந்தப்பொளைக்குப் போனேன். நிலத்தைப் பார்க்காமல் துவக்கைத் தேர்ந்தெடுக்க முடியாது என்று சொன்னேன். அன்றிரவு பத்து மணிக்குப் பாத்திகளின் மேல்வரம்பில் இருவரும் நின்றோம். குளிர் எலும்பைத் தொட்டது. "பன்றி எங்கே வரும்?" என்று கேட்டேன். கீழ்ப்பக்கத்துக் கானைக் காட்டினான். "நீ எங்கே நிற்பாய்?" "இங்கேதான்." "அப்படியானால் குண்டு எந்தப் பக்கம் போகும்?"

அவன் கையை நீட்டினான். நீட்டிய கைக்கு நேரே, பள்ளத்துக்கு அப்பாலுள்ள சரிவில், விளக்குகள் வரிசையாகத் தெரிந்தன. லயம். எட்டுக் காம்பரா ஒரு வரிசை, அதன்மேல் இன்னொரு வரிசை.

மலைநாட்டின் அமைப்பே இதுதான். ஒரு சரிவில் நின்றால் எதிர்ச் சரிவில் யாரோ உறங்குகிறார்கள். சிறிய .22 குண்டுகூட ஒரு கட்டைத் தூரத்துக்கு மேல் பறக்கும். வேட்டை ரைபிளின் குண்டு இரண்டு கட்டையையும் தாண்டும். பன்றியைத் தவறவிட்டால் அது நிற்கும் இடம் மண்சுவரோ, தகரமோ, தொட்டிலோ, யார் அறிவார்? 12 போர் துவக்கின் ஈயக் குண்டுகள் அப்படியல்ல. நாற்பது ஐம்பது யார் தூரத்தில் பன்றியை வீழ்த்தும். சில நூறு யாருக்குள் வலுவிழந்து மண்ணில் விழுந்துவிடும். .22-ஐ வாங்குவதோ இன்னும் கேடு. அது பன்றியைக் கொல்லாது, காயப்படுத்தும். காயம்பட்ட பன்றி விடியும்வரை தேயிலைச் செடிக்கடியில் படுத்திருக்கும். காலையில் அந்த நிரையில் கூடையோடு இறங்குகிறவள் யாரோ ஒருத்தியின் தாய்.

இதையெல்லாம் சொன்னேன். பிறகு சொல்லாமலிருந்திருக்கலாம் என்று இப்போது தோன்றும் ஒன்றையும் சொன்னேன். 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர்மீது பொலீஸ் சுட்டதில் கோவிந்தன் விழுந்ததையும், 1977 மே மாதத்தில் தோட்ட நிலத்தைப் பறிப்பதை எதிர்த்து நின்ற சிவனு லெட்சுமணன் டெவன் தோட்டத்தில் விழுந்ததையும் சொன்னேன். லயத்துப் பக்கம் திரும்பிய குழல்களைப் பற்றி நமக்குத் தெரிந்த அளவு யாருக்குத் தெரியும் என்றேன்.

அவன் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "மாமா, ஒங்களுக்குச் சரித்திரம் தெரியும். எனக்குப் போன மாசம் பாதிக் கெழங்கு போச்சு. நான் பொலீசும் இல்ல, தொரையும் இல்ல" என்றான்.

அவன் சொன்னதில் பிழையில்லை. நான் உரைகல்லை எடுத்துக்கொண்டு பாத்திக்கு வந்தவன், அவன் வயிற்றுப்பாட்டை எடுத்துக்கொண்டு வந்தவன். இருவரும் எதிர் வரிசை விளக்குகளைப் பார்த்தபடி நின்றோம். ஒரு விளக்கு அணைந்தது. "அது செல்லம்மாக்கா வீடு. நாலரைக்கு எந்திரிக்கணும் அவுங்க" என்றான் அவனாகவே. சிறிது தூரம் நடந்தபின், "இரட்டைக் குழலுக்கு இன்னும் கொஞ்சம் காசு பொரட்டணும்" என்றான்.

மறுநாள் காலை விண்ணப்பம் எழுத உட்கார்ந்தோம். கிராம உத்தியோகத்தரின் அறிக்கை வேண்டும், பொலீசின் அறிக்கை வேண்டும், நிலத்தின் உறுதி வேண்டும். ஆண்டுதோறும் அனுமதியைப் புதுப்பிக்கவும் வேண்டும். நூறு ஆண்டுக்கு மேற்பட்ட 1916-ஆம் ஆண்டுச் சுடுபடைக்கலச் சட்டம்தான் இன்றும் திருத்தங்களோடு ஆள்கிறது. குடியுரிமை என்ற இடம் வந்தது. "இலங்கையர்" என்று எழுதிவிட்டு அவன் அடுத்த வரிக்குப் போய்விட்டான். நான் பேனா போன இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தால் நாடற்றவராகி, அப்படியே மாண்டவர் தாத்தா. தம் வாழ்நாளில் பாதியைத் துவக்கோடு கழித்தவர் பெயரில் ஒரு வாக்குச் சீட்டும் இல்லை. எங்களில் எஞ்சியிருந்த நாடற்றோருக்கெல்லாம் குடியுரிமை வழங்கும் சட்டம் வர 2003 ஆயிற்று. அவன் அந்தச் சொல்லை எழுத எடுத்துக்கொண்ட நேரம் இரண்டு விநாடி.

துவக்கின் வகை என்ற இடத்தில் "இரட்டைக் குழல், 12 போர்" என்று எழுதினான். எழுத்து அவன் தாயினுடையதைப் போலவே சாய்ந்திருந்தது. தாளை மடித்து உறைக்குள் வைத்துக்கொண்டே, "தாத்தா அந்தப் பெட்டியை ஹற்றன்லேருந்து எத்தன கட்டை தூக்கிட்டு வந்தாரு மாமா?" என்று கேட்டான்.

ஏழு கட்டை என்றேன். ஏழும் ஏற்றம்.